மாத்திரை எண்ணும் தட்டு

(உலக எய்ட்ஸ் நாளையொட்டிச் செவிலியர் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு தட்டைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். சாதாரண எவர்சில்வர் தட்டு. மேற்கு மாவட்டம் ஒன்றில் எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் நான் ஆலோசகராகச் சேர்ந்த முதல் நாளே அதை என் கையில் கொடுத்தார்கள். கூட்டு மருந்து வாங்க வருகிறவர்கள் போன மாதத்து டப்பாவையும் கொண்டுவர வேண்டும். மிச்சம் இருப்பதைத் தட்டில் கொட்டி எண்ணுவது என் வேலை. அப்போது பெரும்பாலோர் காலை ஒன்று, இரவு ஒன்று என்று போடும் மருந்தில் இருந்தார்கள். டப்பாவில் 60 இருக்கும். 28 நாள் கழித்து வந்தால் 56 போக 4 மிஞ்ச வேண்டும். ஐந்து, ஆறு இருந்தாலும் பரவாயில்லை. ஏழு இருந்தால் 95 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டார் என்று கணக்கு. அந்தக் கணக்கை அவரவருடைய வெள்ளை அட்டையில் எழுதுவோம். நானும் எழுதினேன். குறைந்தவர்களைத் திட்டவும் செய்தேன். அக்கறையில்தான் திட்டினேன். இருந்தாலும் அது திட்டுதான்.

ஒரு அக்கா மாதம் தவறாமல் வருவார். தட்டில் கொட்டினால் எப்போதும் நான்கே நான்கு மாத்திரை. அட்டையில் 100 சதவீதம் என்று எழுதுவேன். ஆனால் நோய் எதிர்ப்பு அணுக்களை எண்ண ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் சி.டி.4 சோதனையில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. மருந்து வேலை செய்யவில்லை போலிருக்கிறது, இரண்டாம் கட்ட மருந்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார் மருத்துவர். அனுப்புவதற்கு முந்தைய வருகையில் அவரை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய் உட்கார்ந்து பேசினேன். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்:

“பஸ் ஸ்டாண்டு பாத்ரூமுல உக்காந்து எண்ணுவேனுங்க மேடம். நாலை வச்சுக்கிட்டு மிச்சத்தைக் கொட்டிருவேன். கூட இருந்தா நீங்க வையறீங்கல்ல?”

அவர் நூல் மில்லில் வேலை பார்த்தார். வாரா வாரம் ஷிப்ட் மாறும். இரவு ஷிப்டில் மிஷினை விட்டு நகர முடியாது. பகலில் விடுதி அறையில் கூட ஆறு பெண்கள். டப்பாவைத் திறக்கவே பயம். லேபிளை ஈரத்துணியால் துடைத்துக் கிழித்திருந்தார். பையில் வைத்து நடக்கும்போது மாத்திரை குலுங்கிச் சத்தம் வரக் கூடாதென்று டப்பாவுக்குள் பஞ்சு அடைத்திருந்தார்.

அந்தப் பஞ்சை நான் மாதாமாதம் பார்த்திருக்கிறேன். மாத்திரையைத் தட்டில் கொட்டுவதற்கு முன் அதைப் பிய்த்தெடுத்துக் குப்பைக்கூடையில் போட்டதும் நான்தான். ஏன் இதில் பஞ்சு இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. மாத்திரைக்கு அட்டையில் கட்டம் இருந்தது. பஞ்சுக்குக் கட்டம் இல்லை.

இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, எச்.ஐ.வி. சிகிச்சையில் மனிதரை மையமாக வைத்த பராமரிப்பை அளப்பது எப்படி என்பது. அந்தப் பஞ்சைக் கணக்கில் சேர்ப்பது எப்படி என்றுதான் எனக்கு அது கேட்கிறது.

நாம் அளக்காதவர்கள் இல்லை. 1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டதே சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி நிர்மலா, பாலியல் தொழில் செய்த பெண்களிடம் ரத்தம் சேகரித்தார். அதை வீட்டு ஃபிரிஜ்ஜில் வைத்துக் காத்து, ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். நாடே நம்ப மறுத்த ஒன்றை இரண்டு பெண்கள் சோதித்து நிரூபித்தார்கள். அந்தத் துணிவுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதே சமயம், எந்தச் சோதனைக்காக ரத்தம் எடுக்கிறோம் என்பதை அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை என்று நிர்மலாவே பின்னாளில் பேட்டியில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒப்புதல் கேட்கும் பழக்கம் அன்று நம் மருத்துவமனைகளில் அவ்வளவாக வேர்விட்டிருக்கவில்லை. தனி ஆள் ஒருவர் மீது குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. இந்த நாட்டில் எச்.ஐ.வி.யின் முதல் அளவையே, அளக்கப்பட்டவருக்குத் தெரியாமல் எடுத்த அளவை. அந்தப் பழக்கத்தின் மிச்சம் இன்னும் நம் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தை 8 அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை அவற்றில் ஒன்று. அதற்குப் பிறகு அளவைகள் பெருகின. முதலில் சி.டி.4 எண் இவ்வளவுக்குக் கீழே இறங்கினால்தான் மருந்து என்று வாசலில் நிறுத்தினோம். 2017-இல் அந்த வாசலையே எடுத்துவிட்டு, தொற்று உறுதியானால் உடனே மருந்து என்றானது. வைரஸ் அளவைச் சோதிக்கும் வசதி பரவலாக வந்தது. ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் 1,000 வைரஸுக்குக் கீழே இருந்தால் அடங்கியிருக்கிறது என்று கணக்கு.

இந்த அளவைகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். வைரஸை அளந்ததால்தான் 2011-இல் எச்.பி.டி.என். 052 என்ற ஆய்வு ஒரு பெரிய உண்மையை உறுதிப்படுத்தியது. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகள் அதில் பங்கெடுத்தார்கள். சென்னையும் புனேயும் அதில் உண்டு. சீக்கிரமே மருந்து தொடங்கியவரிடமிருந்து துணைக்குத் தொற்று போவது 96 சதவீதம் குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் இன்னும் தெளிவாக்கின. சோதனையில் தெரியாத அளவுக்கு வைரஸ் அடங்கியிருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை. ஒரு மனைவிக்கு, ஒரு கணவனுக்கு இதைவிட நிம்மதி தரும் செய்தி வேறு என்ன இருக்க முடியும்? ஆனால் அந்தச் செய்தியை அவரிடம் யாராவது உட்கார்ந்து சொன்னோமா என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது. வைரஸ் எண்ணை எழுதினோமா என்பதற்குத்தான் கட்டம்.

அடுத்து, உலகம் முழுவதும் சொல்லும் 95-95-95 இலக்கு. தொற்றுள்ளவர்களில் 95 சதவீதம் பேருக்குத் தங்கள் நிலை தெரிய வேண்டும். தெரிந்தவர்களில் 95 சதவீதம் பேர் சிகிச்சையில் இருக்க வேண்டும். சிகிச்சையில் இருப்பவர்களில் 95 சதவீதம் பேருக்கு வைரஸ் அடங்கியிருக்க வேண்டும். மூன்றாவதைக் கூர்ந்து பாருங்கள். ஒரு மையத்தில் 1,000 பேர் மருந்து வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 900 பேருக்கு வைரஸ் அடங்கியிருக்கிறது. 90 சதவீதம். அடங்காத 100 பேரில் 80 பேர், இங்கே வந்தால் திட்டு வாங்க வேண்டியிருக்கிறதே என்று வருவதை நிறுத்திவிடுகிறார்கள். இப்போது 920 பேரில் 900 பேர். கிட்டத்தட்ட 98 சதவீதம். 80 பேர் மருந்தில்லாமல் எங்கோ இருக்கிறார்கள். மையத்தின் எண் மட்டும் அழகாகிவிட்டது. இரண்டாவது 95-ஐயும் சேர்த்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் எல்லாரும் கைதட்டுவது எந்த எண்ணுக்கு என்பதை அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் அறிவார்கள். விட்டுப்போனவர்களுக்கு நம் பதிவேட்டில் ஒரு பெயர் உண்டு: எல்.எஃப்.யு., அதாவது ‘லாஸ்ட் டு ஃபாலோ-அப்’. மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் அந்த மூன்று எழுத்து. தொலைந்துபோனவர் அவர்தான் என்று அது சொல்கிறது. தொலைத்தது யார் என்று அது கேட்பதில்லை.

சரி, மனிதர்களைக் கேட்டுத்தான் பார்ப்போமே என்று சில இடங்களில் திருப்திப் படிவம் வைக்கிறார்கள். மருந்து வாங்கிவிட்டு வெளியே வருகிறவரை வராந்தாவில் நிறுத்தி, சேவை எப்படி என்று கேட்பது. நானும் கேட்டிருக்கிறேன். “எல்லாம் நல்லாத்தான் இருக்குங்க.” நூறு பேரைக் கேட்டாலும் அதே பதில்தான். காரணம் புரியாதது இல்லை. கேட்பவரிடம்தான் அடுத்த மாதமும் மருந்துக்குக் கை நீட்ட வேண்டும். இன்னொன்றும் உண்டு. தனியார் மருத்துவமனையில் துரத்தப்பட்டவர், சொந்த வீட்டில் தனித் தட்டில் சோறு போடப்பட்டவர், இங்கே ஒரு நாற்காலி கொடுத்து உட்காரச் சொன்னாலே திருப்தி அடைந்துவிடுகிறார். அவருடைய திருப்தி நம் சேவையைக் காட்டவில்லை. உலகம் அவரை எந்த அளவுக்குத் தாழ்வாக நடத்தியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

அதனால் கேள்வியையே மாற்ற வேண்டும். ‘திருப்தியா’ என்று கேட்டால் மதிப்பெண் போடச் சொல்கிறோம். நடந்ததைக் கேட்டால் சாட்சி சொல்லச் சொல்கிறோம். இன்று உங்களிடம் பேசும்போது கதவு மூடியிருந்ததா? மருத்துவர் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசினாரா? இந்த மாத்திரையால் என்ன தொந்தரவு வரலாம் என்று யாராவது சொன்னார்களா? வைரஸ் அளவு என்ன வந்தது, அதற்கு என்ன அர்த்தம் என்று சொன்னார்களா? உங்கள் வேலை நேரத்தைக் கேட்டார்களா? இவற்றுக்கு ஆம், இல்லை என்று சொல்வது எளிது. யார் மீதும் புகார் சொன்ன மாதிரியும் ஆகாது. எங்கே திருத்த வேண்டும் என்பதும் அந்தப் பதிலிலேயே கிடைத்துவிடும்.

ஆனால் கேள்விகளை வெளிநாட்டுப் படிவத்திலிருந்து அப்படியே எடுத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தேன். ஒரு படிவத்தில், ‘உங்களைப் பெயர் சொல்லி அழைத்தார்களா’ என்ற கேள்வி இருந்தது. மரியாதையின் அடையாளமாம். எங்கள் வராந்தாவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பாதிப் பேர் எழுந்து நடந்துவிடுவார்கள். பக்கத்து ஊர்க்காரர் யாராவது எலும்பு வார்டுக்குப் போகிற வழியில் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டால் பெயருக்குரியவர் கதை முடிந்தது. எங்களிடம் வந்தவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வெளியே டோக்கன் எண்ணைச் சொல்லுங்கள், உள்ளே வந்தபிறகு பெயரைச் சொல்லுங்கள். ஒரே மரியாதை, கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு வடிவம், அந்தப் பக்கம் இன்னொரு வடிவம். கேள்வித்தாளை எழுதும் மேஜையில் எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறவர்கள் உட்கார்ந்தால் ஒழிய இது நமக்குத் தெரிய வழியில்லை. 1983-இல் டென்வர் நகரில் எய்ட்ஸுடன் வாழ்ந்தவர்கள் கூடி, எங்களைப் பற்றிய முடிவுகளில் எங்களுக்கும் இடம் வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். அந்தக் கோரிக்கைக்கு இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது.

விட்டுப்போனவர்களையே கேட்டால் என்ன தெரியும்? அதற்கு இனி ஜாம்பியாவுக்குப் போவோம். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் எச்.ஐ.வி.யால் பெரிதும் அடிபட்ட நாடு. அங்கே ஆராய்ச்சியாளர்கள் ஒரு நேர்மையான வேலை செய்தார்கள். மையத்தில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்பதோடு நிறுத்தாமல், பதிவேட்டில் ‘தொலைந்துபோனவர்’ என்று எழுதப்பட்டவர்களை ஊர் ஊராகத் தேடிப் போனார்கள். சிலர் இறந்துபோயிருந்தார்கள், மையத்துக்கே தெரியாமல். பலர் வேறு மையத்தில் சத்தமில்லாமல் சேர்ந்து மருந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதாவது அவர்கள் மருந்தை விடவில்லை, நம்மை விட்டிருக்கிறார்கள்.

அப்படி விலகிப்போனவர்களிடம் இரண்டிரண்டு கற்பனை மையங்களைக் காட்டி, எதற்குப் போவீர்கள் என்று கேட்டார்கள். ஒன்று பக்கத்தில் இருக்கும், ஆனால் காத்திருக்க வேண்டும். இன்னொன்று தூரம், ஆனால் ஊழியர்கள் அன்பாகப் பேசுவார்கள். ஒன்றில் ஒரு மாத மருந்து, இன்னொன்றில் பல மாத மருந்து. இப்படி மாற்றி மாற்றிக் கேட்டால், எதற்காக எதை விட்டுக்கொடுப்பார்கள் என்று கணக்கிட முடியும். 2018-இல் வெளிவந்த முடிவு இது: கடுகடுப்பவர்களை விட்டு நல்லபடி நடத்துகிறவர்களிடம் போவதற்காக அவர்கள் கூடுதலாக 45 கிலோமீட்டர் பயணம் செய்யவோ, கூடுதலாக 19 மணிநேரம் காத்திருக்கவோ தயாராக இருந்தார்கள்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 45 கிலோமீட்டர் என்றால் கரூரிலிருந்து நாமக்கல்லைத் தாண்ட வேண்டும். நாம் ‘கனிவு’ என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு, அது அளக்க முடியாத விஷயம் என்று ஒதுக்கி வைத்திருந்தோம். ஜாம்பியாவில் அதைக் கிலோமீட்டரில் அளந்து காட்டிவிட்டார்கள். பக்கத்திலேயே ஏ.ஆர்.டி. மையம் இருந்தும் அதைத் தாண்டி எத்தனை பேர் வேறு மாவட்டத்துக்கு பஸ் ஏறுகிறார்கள் என்று நம் ஊரிலும் பார்க்கலாம். சிலர் அக்கம்பக்கம் தெரிந்துவிடும் என்ற பயத்தில் போகிறார்கள். சிலர் நம் வாய்க்குப் பயந்து போகிறார்கள். எது எத்தனை என்பது கேட்டால்தான் தெரியும்.

அந்நாட்டுத் தலைநகர் லுசாகாவில் அடுத்தபடியாகக் கனிவின் அளவையை ஊழியர்களின் கையிலேயே கொடுத்துப் பார்த்தார்கள். ஊழியர்களுக்குப் பயிற்சி, மருந்து வாங்கி வெளியே வருகிறவர்களிடம் கேட்டறிந்த அனுபவம், அந்த முடிவை அதே மையத்துக்கு உடனுக்குடன் திருப்பிச் சொல்வது, முன்னேறினால் சிறு ஊக்கம். இதில் எனக்குப் பிடித்தது, அவர்கள் சராசரியோடு நிற்கவில்லை. மோசமான அனுபவத்தோடு வெளியேறியவர் எத்தனை பேர் என்று எண்ணினார்கள். அந்த எண்ணிக்கை குறைந்தது. சராசரி மதிப்பெண் பத்துக்கு ஒன்பது என்றால் மனம் நிறைந்துவிடும். ஆனால் மருந்தை விடப்போவது, ஒன்பது கொடுத்தவர் இல்லை. இரண்டு கொடுத்துவிட்டுப் பேசாமல் போனாரே, அவர்தான்.

கேட்பது யார் என்பதும் முக்கியம். நம் மையங்களில் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் என்ற பணியில் எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறவரையே அமர்த்தும் ஏற்பாடு உண்டு. அவர் மரத்தடியில் உட்கார்ந்து பேசினால் வருகிற பதில் வேறு, வெள்ளைக் கோட்டு கேட்டால் வருகிற பதில் வேறு. மருந்து கொடுக்கும் கையும் கேள்வி கேட்கும் வாயும் ஒரே ஆளுடையதாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

நான் என்னையும் ஒருமுறை அளந்து பார்த்தேன். உரையாடலைப் பதிவுசெய்து, யார் எத்தனை வாக்கியம் பேசினார்கள், எது கேள்வி, எது உத்தரவு, எது ஆறுதல் என்று வகை பிரித்து எண்ணும் முறை ஒன்று உண்டு. டெப்ரா ரோட்டர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் உருவாக்கியது. அவ்வளவு பெரிய ஏற்பாடெல்லாம் எனக்கு இல்லை. வந்தவரின் சம்மதத்தோடு ஓர் ஆலோசனையைக் கைபேசியில் பதிவு செய்தேன், வீட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். பதினோரு நிமிடப் பேச்சு. அதில் ஒன்பது நிமிடம் நான் பேசியிருக்கிறேன். அவர் பேசிய இரண்டு நிமிடத்தில் பெரும்பகுதி “சரிங்க”. ஒரு இடத்தில் அவர், “ராத்திரியில மட்டும்…” என்று தொடங்குகிறார். நான் குறுக்கே புகுந்து, ராத்திரி கட்டாயம் போட வேண்டும் என்கிறேன். அவர் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எனக்கு அன்று பயிற்சிச் சான்றிதழ்கள் நான்கு இருந்தன.

இதில் ஊழியர்களுக்கு அநியாயம் நடந்துவிடக் கூடாது. ஏ.ஆர்.டி. மையங்களில் பெரும்பாலோர் ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர்கள். காலையில் வராந்தா நிரம்பி வழியும். ஓர் ஆலோசகர் முன்னால் அன்று எத்தனை பேர், ஒருவருக்கு எத்தனை நிமிடம் கிடைத்தது, ஊழியர் கடைசியாக விடுப்பு எடுத்தது எப்போது என்பதையும் சேர்த்து அளக்காமல், ‘நீ கனிவாகப் பேசவில்லை’ என்று எண்ணை நீட்டினால், நான் அந்த அக்காவுக்குச் செய்ததைத்தான் மேலதிகாரி எனக்குச் செய்கிறார் என்று அர்த்தம். அப்புறம் நானும் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எண்ணைத் திருத்திக்கொண்டு வருவேன்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. ஒப்புதல் இல்லாமல் சோதனை கூடாது, நிலையை வெளியே சொல்லக் கூடாது, பாகுபாடு கூடாது என்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவ நிறுவனத்தில் புகார் அலுவலர் இருக்க வேண்டும், மாநிலத்துக்கு ஒரு குறைதீர்ப்பாளர் வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் புகார் வராததைச் சேவை நன்றாக இருப்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புகார் எழுத முதலில் பெயர் எழுத வேண்டுமே.

அந்த அக்காவின் கதையை முடித்துவிடுகிறேன். அவரை இரண்டாம் கட்ட மருந்துக்கு அனுப்பவில்லை. ஷிப்டுக்கு ஏற்றபடி நேரத்தை மாற்றினோம். டப்பாவுக்குப் பதில் சின்ன ஜிப் கவரில் மாத்திரை கொண்டுபோகச் சொன்னோம். அடுத்த சி.டி.4 ஏறியது. பிறகு மையத்துக்கு வரும் ஆறேழு பெண்களைக் கூட்டிவைத்து, நம்மை நீங்கள் அளப்பதாக இருந்தால் என்ன கேட்பீர்கள் என்று கேட்டேன். பாத்ரூம் தாழ்ப்பாள், ரத்தம் எடுக்கும் சிஸ்டரின் குரல், மதியத்துக்குள் முடிந்தால் அரைநாள் கூலியாவது மிஞ்சும் என்று நிறைய வந்தது. கடைசியில் இந்த அக்காதான் ஒரு கேள்வி சொன்னார்:

“மாத்திரை விட்டுப்போச்சுன்னா, அதை இங்க வந்து சொல்லுவீங்களா? இதைக் கேளுங்க மேடம்.”

அதையே வைத்தோம். எழுதத் தெரியாதவர்களும் பதில் சொல்ல வேண்டும், கையெழுத்தை வைத்து யாரையும் கண்டுபிடிக்கக் கூடாது. அதனால் வாசலுக்கு வெளியே, எங்கள் கண்ணில் படாத மூலையில், மூடியில் துளை போட்ட இரண்டு பால்பவுடர் டப்பா. ஒன்றில் ‘சொல்லுவேன்’, இன்னொன்றில் ‘சொல்ல மாட்டேன்’. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டை. ஒருங்கிணைப்பாளர் அண்ணன் மட்டும் அங்கே நின்று விளக்கம் சொல்வார், டப்பாவைப் பார்க்க மாட்டார்.

முதல் வாரம் சனிக்கிழமை மாலை, எல்லாரும் போனபின் டப்பாக்களை உள்ளே கொண்டுவந்தோம். மருத்துவர், மருந்தாளுநர், சிஸ்டர், நான், ஒருங்கிணைப்பாளர் அண்ணன். தூக்கும்போதே தெரிந்தது, ‘சொல்ல மாட்டேன்’ டப்பாதான் கனம். யாரும் பேசவில்லை. மேஜையிலிருந்த எவர்சில்வர் தட்டை சிஸ்டர் துடைத்து வைத்தார். அதில் கொட்டி ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தோம்.